தண்டவாளக் கிரேனின் கோணல் ஓட்டத்தைச் சரிசெய்த என் அனுபவம்

நெதர்லாந்தின் ராட்டர்டாம் துறைமுகத்திலுள்ள மாஸ்விளாக்டே பகுதி கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலம் என்பதால், அங்குள்ள தானியங்கி முனையம் ஒன்றில் நான் பராமரித்த, தண்டவாளத்தில் ஓடிச் சரக்குப் பெட்டிகளை அடுக்கும் கிரேன் ஒரு பக்கமாக இழுத்து ஓடத் தொடங்கியபோது முதலில் தரையையே சந்தேகித்தேன். கிரேனின் இரு கால்களிலும் நகர்ந்த தூரத்தை அளக்கும் என்கோடர் கருவிகள் வெவ்வேறு தூரத்தைக் காட்டியதால் மென்பொருள்தான் காரணம் என்று உடன் பணியாற்றியவர்கள் கருதினர். ஆனால் தண்டவாளத்தின் உட்பக்கத்தைத் தடவியபோது, சக்கர விளிம்பு உராய்ந்து உதிர்த்த பளபளப்பான இரும்புத் துகள் விரலில் ஒட்டியது. லெவல் கருவியால் அளந்ததில், அவ்விடத்தில் ஒரு தண்டவாளம் மற்றதைவிடத் தாழ்ந்திருந்தது. ஒரு மூலை இறங்கினால் அதன் சக்கரத்தில் பாரம் குறைந்து, பிடிப்புத் தளர்ந்து, சட்டகம் கோணத் தொடங்கும். கடற்காற்று பலமாக வீசும் இடத்தில் இதை ஒருநாளும் அலட்சியம் செய்யக் கூடாது.

கிரேனை அப்பகுதியிலிருந்து விலக்கி, பிடிப்பான்களால் பூட்டி, மின்சாரத்தைத் துண்டித்தபின், தண்டவாளத்தைத் தாங்கும் ஸ்லீப்பர் கட்டைகளை உயர்த்தி, அடியில் ஜல்லியை இறுக்கி, இரு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலத்தைச் சரிபார்த்தோம். தேய்ந்த சக்கரத்தை மாற்றிய பிறகே என்கோடர்களைத் திருத்த ஒப்புக்கொண்டேன், ஏனெனில் அதை முன்பே செய்திருந்தால் அறிகுறி மட்டுமே மறைந்திருக்கும். முதலில் வெறுமனேயும் பின்னர் பெட்டியுடனும் ஓட்டிப் பார்த்தபோது இரு அளவீடுகளும் ஒத்துப்போயின.