‘மூன்று மடங்கு குறைவு’ என்று ஆங்கிலத்தில் எழுதாதீர்கள்

மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு முந்திரி ஆலையில், எங்கள் பேச்சில் சொன்னால் அண்டி ஆபீஸில், இருபத்திரண்டு வருஷமாக ஆங்கிலக் கடிதம் எழுதுவது என் வேலை. வாங்குகிறவர்கள் வெளிநாட்டுக்காரர்கள். அவர்களுக்கு நம் இலக்கணம் கொஞ்சம் சறுக்கினாலும் பரவாயில்லை, எண் சறுக்கக்கூடாது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கடிதம் எழுதினேன். முந்தைய லோடில் உடைந்த பருப்பு 9 சதவீதம், இந்த முறை 3 சதவீதம். அதைப் பெருமையாக “பிரேக்கேஜ் இஸ் த்ரீ டைம்ஸ் லெஸ்” என்று எழுதி அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது: “எதைவிட? எத்தனை சதவீதம்?” அந்தப் பதிலுக்குப் பதில் போய்ச் சேர்ந்து ஒப்புதல் வரும்வரை சரக்கு அசையவில்லை. “பிரேக்கேஜ் ஃபெல் ஃப்ரம் 9 பெர்சன்ட் டு 3 பெர்சன்ட்” என்று எழுதியிருந்தால் ஒரே வரியில் முடிந்திருக்கும்.

அன்றிலிருந்து எனக்கு இதுதான் முதல் விதி: இரண்டு எண்ணும் கையில் இருந்தால் இரண்டையும் எழுதிவிட வேண்டும். மடங்கு, சதவீதம் எல்லாம் அதற்குப் பிறகு.

மடங்கு சொல்லத்தான் வேண்டும் என்றால், கன்னியாகுமரி திருவள்ளுவர் சிலையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்காகப் பீடம் 38 அடி. பொருளும் இன்பமும் சேர்ந்த 95 அதிகாரங்களுக்காகச் சிலை 95 அடி. 95ஐ 38ஆல் வகுத்தால் சரியாக இரண்டரை. ஆகவே “த ஸ்டாச்சு இஸ் டூ அண்ட் எ ஹாஃப் டைம்ஸ் ஆஸ் டால் ஆஸ் இட்ஸ் பெடஸ்டல்.” இதில் யாருக்கும் சந்தேகம் வராது. அதையே “டூ அண்ட் எ ஹாஃப் டைம்ஸ் டாலர் தென்” என்று எழுதினால், பீடத்தின் உயரத்தோடு இன்னும் இரண்டரைப் பங்கு கூட்ட வேண்டுமோ என்று ஒருவர் கணக்குப் போடுவார். அப்படிப் போட்டால் சிலை 133 அடி ஆகிவிடும். பீடமும் சிலையும் சேர்ந்த மொத்த உயரமே 133தான்! நம் பேச்சிலும் ‘இரண்டு மடங்கு’ என்பதற்கும் ‘இரண்டு மடங்கு கூடுதல்’ என்பதற்கும் இதே குழப்பம் உண்டு. நாம் ஆளைப் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். கடிதத்தில் ஆள் இல்லை.

அதனால் மடங்குக்கு எப்போதும் ‘ஆஸ்… ஆஸ்’. ‘மோர் தென்’ வேண்டுமென்றால் வித்தியாசத்தைச் சொல்லுங்கள்: “ஃபிஃப்டி செவன் ஃபீட் டாலர் தென்.” குறைவுக்கு மடங்கே வேண்டாம், பின்னம் போதும். 9இலிருந்து 3 என்றால் “ஒன் தேர்ட் ஆஸ் மச்”.

நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் எழுதும் இன்னொன்று “டபுள் தென்”. ‘டபுள்’ என்ற சொல்லுக்குப் பின் ‘தென்’ வராது. “டபுள் த பிரைஸ்”, இல்லையென்றால் “ட்வைஸ் ஆஸ் எக்ஸ்பென்சிவ் ஆஸ்”. “மோர் ஹையர்” என்பதும் அப்படித்தான், ‘ஹையர்’ மட்டும் போதும்.

எண் பெரிதாக இருந்தால் பொருளும் பெரிது என்று நினைக்கக்கூடாத இடமும் உண்டு. எங்கள் தொழிலில் பருப்பின் தரம் டபிள்யூ 180, டபிள்யூ 240, டபிள்யூ 320 என்று போகும். ஒரு பவுண்டு எடைக்கு அதிகபட்சம் எத்தனை பருப்பு நிற்கும் என்பதே அந்த எண். எண் கூடக்கூடப் பருப்பு சிறிது. புதிதாக வந்த ஒரு பெண் டபிள்யூ 320ஐ “ஹையர் கிரேட்” என்று எழுதியிருந்தாள். “மக்ளே, கையில் எடுத்துப் பார்” என்று டபிள்யூ 180இல் ஒன்றும் டபிள்யூ 320இல் ஒன்றும் அவள் உள்ளங்கையில் வைத்தேன். முதலாவது சுமார் இரண்டரை கிராம், மற்றது ஒன்றரைக்கும் சற்றுக் குறைவு. அவளே கடிதத்தைத் திருத்தினாள்: “டபிள்யூ 320 கெர்னல்ஸ் ஆர் ஸ்மாலர் தென் டபிள்யூ 180.” ‘ஹையர்’, ‘லோயர்’ எழுதுமுன் எது கூடுகிறது என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்: எண்ணா, பொருளா, விலையா?

சதவீதத்தில்தான் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டுக்கு 80.09. கழித்தால் 11.66. இதை “11.66 பெர்சன்ட் ஹையர்” என்று எழுதினால் தவறு. இரண்டு சதவீதங்களைக் கழித்து வரும் விடைக்குப் பெயர் ‘பெர்சன்டேஜ் பாயிண்ட்ஸ்’. சதவீதமாகவே சொல்ல வேண்டுமானால் 11.66ஐ 80.09ஆல் வகுக்க வேண்டும், ஏறக்குறைய 14.6 வரும். இரண்டும் உண்மை, ஆனால் இரண்டும் வேறு.

‘பை’, ‘டு’ இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள். தோவாளைப் பூச்சந்தையில் மல்லிப்பூ கிலோ 400 ரூபாயிலிருந்து முகூர்த்த நாளில் 1,200 ஆனது என்று வையுங்கள். “ரோஸ் டு 1,200”, “ரோஸ் பை 800”. சதவீதத்தில் “ரோஸ் பை 200 பெர்சன்ட்”. 300 அல்ல, ஏனென்றால் கூடியது மட்டும்தான் கணக்கு. எனக்குப் பிடித்தது “ட்ரிபிள்ட்”. ஒரே சொல், தப்பே வராது.

அப்புறம், தமிழில் “தோவாளையில் மல்லி விலை மதுரையைவிடக் கூடுதல்” என்றால் யாருக்கும் புரியும். அதை அப்படியே “ஹையர் தென் மதுரை” என்று கொண்டுபோனால் விலையை ஊரோடு ஒப்பிட்டதாகிவிடும். “ஹையர் தென் இன் மதுரை” என்று ஒரு ‘இன்’ சேருங்கள்.

எண்ணக்கூடியதற்கு ‘ஃபியூவர்’, அளப்பதற்கு ‘லெஸ்’. மூட்டை என்றால் ‘ஃபியூவர் பேக்ஸ்’. பணம், தூரம், நேரம் மட்டும் எண்ணோடு வந்தாலும் ‘லெஸ்’தான்: “லெஸ் தென் 10 கிலோமீட்டர்ஸ்”.

கடைசியாக லட்சம். வெளியூர்க் கடிதத்தில் 12,50,000 என்று கமா போட்டால் அவர்கள் எழுத்துப்பிழை என்று நினைப்பார்கள். 1,250,000 என்றோ 1.25 மில்லியன் என்றோ எழுதுங்கள். ஒரே வாக்கியத்தில் ஒன்றை லட்சத்திலும் மற்றதை மில்லியனிலும் வைத்து ஒப்பிடவே கூடாது.