கிட் கார் கதவு பொருந்தவில்லையா? முதலில் கதவைத் தொடாதீர்கள்

பாகங்களை வாங்கி நாமே சேர்த்துக் கட்டும் கார்தான் கிட் கார். பிரிட்டனில் வீட்டு கராஜிலேயே கோப்ரா ரெப்ளிகா (கோப்ரா என்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரின் நகல்) கட்டுபவர்கள் பலரின் பொறுமையைச் சோதிப்பது எஞ்சினோ வயரிங்கோ அல்ல, கதவுதான். முன்விளிம்பு உரசும், பின்விளிம்பில் விரல் நுழையும், மேல்மூலை வெளியே துருத்தி நிற்கும். பார்த்த உடனே கை உப்புத்தாளைத் தேடும். அதுதான் முதல் தவறு. கதவு கோணலாகத் தெரிவதற்கான காரணம் பெரும்பாலும் கதவில் இருப்பதில்லை.

1962-இல் வந்த அசல் கோப்ராவின் அலுமினிய உடலையே கையால் தட்டித்தான் செய்தார்கள். காருக்குக் கார் அளவு கொஞ்சம் மாறும். ரெப்ளிகாக்களில் பெரும்பாலானவை பைபர் கிளாஸ். அச்சிலிருந்து எடுத்த பிறகும் அதில் இழைகளைப் பிணைக்கும் பிசினான ரெசின் இறுகிக்கொண்டே இருக்கும், சற்றே சுருங்கும். தாங்கல் சரியில்லாமல் நாள்கணக்கில் கிடந்தால் உடல் முறுக்கிக்கொள்ளும். கதவுக்காகப் பெரிதாக வெட்டிவிட்ட இடம்தான் அதில் மிகவும் வளையக்கூடிய இடமும். அதனால் வலது கதவும் இடது கதவும் ஒரே மாதிரி உட்காரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

வெறும் சேஸிஸை (காரின் அடிச்சட்டம்) ஸ்டாண்டில் ஏற்றி வைத்துக்கொண்டு கதவைச் சரிசெய்வது அடுத்த தவறு. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஏறி, கார் சக்கரத்தில் நின்றதும் எல்லாம் மாறிவிடும். எடை ஏறிய பிறகு, சமதரையில் வைத்து, கதவு வாசலின் மூலைவிட்டங்களை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். உடலின் வால்பக்கம் தாழ்ந்திருந்தால் கதவின் பின்விளிம்பில் மேலே இடைவெளி விரியும், கீழே நெருங்கும். இதற்கு மருந்து, உடல் சேஸிஸில் உட்காரும் பின்பக்க மவுன்ட்டின் அடியில் வைக்கும் ஷிம்தான், அதாவது மெல்லிய தகடு. கதவைத் தேய்த்து இதைச் சரிசெய்யவே முடியாது. தேய்த்தவர்கள் பிறகு அதே விளிம்பைத் திரும்பக் கட்ட வேண்டிவரும்.

சரி, உடல் நேராகிவிட்டது. இப்போது ஸ்ட்ரைக்கரையும் (கதவின் பூட்டான லாட்ச் பிடித்துக்கொள்ள வாசலில் இருக்கும் கொக்கி) ரப்பர் பீடிங்கையும் (வாசல் விளிம்பில் ஓடும் ரப்பர்) கழற்றிவிடுங்கள். அவை இருக்கும்போது கதவை அவைதான் இழுக்கும், தள்ளும்; கீல் எங்கே நிற்கிறது என்பதே தெரியாது. ஸ்ட்ரைக்கரோடு மூடும்போது கதவு எழும்பியோ இறங்கியோ லாட்ச்சில் விழுந்தால், ஸ்ட்ரைக்கர்தான் கதவைத் தூக்கியோ அழுத்தியோ பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியே விட்டால் லாட்ச் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

கீல் விஷயத்தில் கொஞ்சம் கணக்கு தேவை. மேல்கீலும் கீழ்க்கீலும் ஒரே அச்சில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கதவு முறுக்கப்பட்டு, போல்ட் துளையைச் சுற்றி ஜெல்கோட் (பைபர் கிளாஸின் வழவழப்பான மேல்பூச்சு) வெடிக்கும். கதவின் பின்முனை தொங்கினால் கீழ்க்கீலுக்கும் அது மாட்டியிருக்கும் உடலின் தூணுக்கும் நடுவில் ஷிம் வையுங்கள். கதவின் அடிப்பகுதி பின்னால் தள்ளப்பட்டு, பின்முனை மேலே எழும். கீல்களுக்கு இடையே 25 செ.மீ., கதவின் நீளம் 75 செ.மீ. என்றால், 1 மி.மீ. ஷிம் பின்முனையை 3 மி.மீ. தூக்கிவிடும். இது தெரியாமல் தடிமனான வாஷரை வைத்துவிட்டு, கதவு மேலே போய் இடிக்கிறதே என்று குழம்புகிறார்கள். ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டர் போதும்.

போல்ட்டை இரும்பில் முறுக்குவது போல முறுக்கவும் கூடாது. பைபர் கிளாஸ் நசுங்கும், சில மாதங்களில் போல்ட் தளரும். பின்பக்கம் இரும்புத் தகடு அல்லது அகலமான வாஷர் கட்டாயம்.

இவ்வளவும் செய்த பிறகும் இடைவெளி சீராக இல்லையென்றால்தான் விளிம்பில் கை வைக்க வேண்டும். அங்கேயும் ஒரு எச்சரிக்கை: விளிம்பை வெறும் பட்டியால் (பள்ளம் அடைக்கும் பசை) வளர்க்காதீர்கள். கதவைச் சில முறை ஓங்கிச் சாத்தினால் பெயர்ந்து விழும். ஜெல்கோட்டைத் தேய்த்து எடுத்துவிட்டு, ரெசினும் கண்ணாடி இழைப் பாயும் வைத்துக் கட்டுங்கள். வாசல் பக்கம் பேக்கிங் டேப் ஒட்டி மெழுகு தடவினால் ரெசின் அங்கே ஒட்டாது. பட்டி கடைசி மெல்லிய பூச்சுக்கு மட்டும்.

ரப்பரைக் கடைசியில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தடிமனான ரப்பர் கதவை வெளியே தள்ளும்; அப்போது லாட்ச் முதல் கட்டத்தோடு நின்றுவிடும். பாதி பூட்டும் நிலை, முழுதும் பூட்டும் நிலை என்று இரண்டு கட்டமும் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று இப்படிக் கட்டிய கார்களைச் சாலைக்கு அனுமதிக்கும் முன் நடக்கும் பிரிட்டனின் ஐவிஏ சோதனையிலும் பார்ப்பார்கள்.

அப்புறம் பெயின்ட். பிரைமரும் பெயின்ட்டும் இரண்டு விளிம்பிலும் ஏறும் என்பதால், இடைவெளியை விரும்பும் அளவைவிடக் கொஞ்சம் அகலமாகவே விடுங்கள். கழற்றுவதற்கு முன் கீலையும் தூணையும் சேர்த்து இரண்டு சிறு துளைகள் போட்டுக்கொள்ளுங்கள். திரும்ப மாட்டும்போது அந்தத் துளைகளில் டிரில் பிட்டைச் செருகி வைத்து போல்ட்டை முறுக்கினால், கதவு பழைய இடத்திலேயே வந்து உட்காரும்.