எம்25 கொத்தில் துடிக்கும் விண்மீனை அளக்கும்போது சறுக்கும் இடங்கள்

தனுசில் உள்ள எம்25 விண்மீன் கொத்துக்குள் யு சேஜிட்டேரி என்றொரு செஃபீட், அதாவது சீரான காலத்தில் துடித்து ஒளி மாறும் விண்மீன், இருக்கிறது. 6.745 நாளுக்கு ஒருமுறை விரிந்து சுருங்கும். ஒளியளவு (எண் கூடினால் மங்கல்) ஏறக்குறைய 6.3க்கும் 7.1க்கும் இடையே ஏறி இறங்கும். புதுச்சேரியிலும் கடலூரிலும் 59 பாகை உயரம்வரை ஏறுவதால் வசதியான இலக்கு.

பெரிய தவறு நாட்காட்டியில்தான். விடுமுறைக்கு முந்தைய இரவு என்று சனிக்கிழமை மட்டும் படமெடுப்பார்கள். 7 நாளும் 6.745 நாளும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால் வாராவாரம் துடிப்பின் அதே கட்டமே சிக்கும். வாரத்துக்கு 0.038 சுற்றுதான் நகரும். ஒளி மாற்றத்தின் முழு வளைகோட்டுக்கு 26 வாரம் தாண்டிவிடும். அதற்குள் ஐப்பசி மழை வந்து நிற்கும். ஏப்ரல், மே மாதப் பின்னிரவுகளில் தொடர்ந்து எட்டு நாள் எடுத்தால் வேலை முடிந்தது.

பந்துபோல் திரண்ட பழைய விண்மீன் கொத்துகளில் உள்ள, ஒரு நாளுக்குள் துடிக்கும் ஆர்ஆர் லைரே விண்மீன்களில் இதே கண்ணி வேறு வடிவில் வரும். தினமும் ஒரே மணிக்கு ஒரே ஒரு அளவு எடுத்தால், 0.55 நாள் துடிப்பு 0.355 நாளுக்கும் அழகாகப் பொருந்தும். விண்மீனின் உட்பிரிவையே தவறாக எழுதிவிடுவோம். ஒரே இரவில் நான்கைந்து மணி நேரம் விடாமல் எடுத்தால் பொய்க் காலம் தானே உதிரும்.

அளவெடுத்த நேரத்தைக் குறிக்க வானியலாளர் பயன்படுத்தும் தொடர் நாள் எண்ணிக்கையான ஜூலியன் நாள் எண் நமக்கு மாலை 5.30க்கு மாறுகிறது, மறுநாள் மாலை 5.30 வரை முழு எண் ஒன்றேதான். நள்ளிரவு தாண்டியதும் ஒன்றைக் கூட்டினால் பாதி இரவு ஒரு நாள் தள்ளி விழும்.

ஒளியை ஒப்பிட்டு அளக்க உதவும் மாறாத ஒப்பு விண்மீனைக் கொத்துக்குள்ளேயே தேடுவது இயல்பு. ஆனால் எம்25இன் பளிச்சென்ற விண்மீன்கள் பெரும்பாலும் நீலம், செஃபீடோ மஞ்சள். அடிவானத்தருகே, அதுவும் கடலோர ஈரக்காற்றில், நீல ஒளி அதிகம் இழக்கப்படும். வடிகட்டியில்லாத கேமராவில், கொத்து மேலே ஏற ஏறச் செஃபீட் மங்குவதாக ஒரு போலிச் சரிவு தெரியும். மஞ்சள் ஒப்பு விண்மீனைப் பிடியுங்கள், 40 பாகைக்கு மேல் வந்தபின் அளவெடுங்கள். கோப்பு கேமரா பதிந்தபடியே மாற்றாமல் தரும் ‘ரா’ வடிவில் இருக்கட்டும். ஜேபெக் ஒளி விகிதத்தையே குலைத்துவிடும்.

கொத்தில் நெருக்கடி உண்டு. ஒளியைக் கூட்டி அளக்கப் படத்தில் விண்மீனைச் சுற்றிப் போடும் வட்டத்துக்குள், செஃபீடின் மங்கிய நிலைக்குச் சமமான பக்கத்து விண்மீன் ஒன்று நுழைந்தால், உதாரணமாக 1 அளவு ஏற்றஇறக்கம் 0.61 ஆகக் குறைந்து தெரியும். பிம்பத்தை வேண்டுமென்றே குவியம் தப்ப வைத்து விரிக்கும் உத்தி தனி விண்மீனுக்குச் சரி, இங்கே ஆகாது.

கடைசியில் தூரம். செஃபீடின் துடிப்புக் காலம் அதன் உண்மை ஒளியைச் சொல்லும், தெரியும் ஒளியோடு ஒப்பிட்டால் தூரம் கிடைக்கும். ஆனால் ஒரே திசையில் தெரிவதாலேயே ஒரு செஃபீட் கொத்தின் உறுப்பினர் ஆகிவிடாது. விண்மீன்களின் இடத்தை அளந்த கையா விண்கலத்தின் 2022இல் வெளியான மூன்றாம் தொகுப்பில் இடமாறுகோணம் (பூமி சுற்றுவதால் தெரியும் இடப்பெயர்ச்சி, தூரத்தைக் காட்டும்), தன்னியக்கம் (வானில் விண்மீன் மெல்ல நகர்வது) இரண்டையும் கொத்தின் மற்ற விண்மீன்களோடு ஒப்பிட வேண்டும். நம்மை நோக்கியோ விலகியோ செல்லும் பார்வைத்திசை வேகமும் கிடைத்தால் இன்னும் நல்லது. விண்மீன்களுக்கு இடையே உள்ள தூசியையும் மறக்கக் கூடாது: தூசி மறைத்த 1.2 அளவைக் கழிக்காமல் விட்டால் தூரம் 1.7 மடங்காக வீங்கும்.