வயலுக்கு அரை மூட்டை

நீடாமங்கலம் பக்கம் 18 வருடமாக உரக்கடை வைத்திருக்கிறேன். உரமோ மருந்தோ வாங்குகிறவர்களுக்கு எப்போது, எவ்வளவு போட வேண்டும் என்று துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுப்பது வழக்கம். நாம் ஒன்று சொல்லி அவர்கள் வேறொன்று செய்துவிட்டு வந்து நிற்காதபடி எழுதுவது எப்படி என்பதை ஒரு சம்பா நெல் போகம் முழுக்கத் திட்டு வாங்கித்தான் கற்றுக்கொண்டேன்.

ஒரு பெரியவருக்கு ஒரு ஏக்கர் நிலம். பயிர் வளரும்போது தூவுகிற மேலுரத்துக்கு "வயலுக்கு அரை மூட்டை யூரியா" என்று எழுதிக் கொடுத்தேன். என் மனசில் வயல் என்றால் அவருடைய மொத்த நிலம். அவருக்கோ வயல் என்றால் ஒரு வரப்புக்குள் இருப்பது. ஒவ்வொன்றும் ஒரு மா, அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, ஆக மூன்று வயல். மூன்றுக்கும் அரை அரை மூட்டையாக, ஏக்கருக்கு ஒன்றரை மூட்டை வீசிவிட்டார். பயிர் கரும்பச்சையாகக் கிளம்பியது, பார்த்தவர்கள் எல்லாம் "என்னண்ணே போட்டீங்க" என்று கேட்டார்களாம். பத்து நாளில் இலைச்சுருட்டுப் புழு. கதிர் முற்றும் நேரத்து மழையில் பாதிப் பயிர் சாய்ந்தது. "கடைக்காரம்மா எழுதிக் கொடுத்ததுதான்" என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம். சீட்டை ஒழுங்காகப் படிக்காமல் போட்டுவிட்டு என்மேல் பழியா என்று கார்பன் நகலைத் தேடி எடுத்தேன். 'வயலுக்கு' என்று என் கையெழுத்தில்தான் இருந்தது. அவர் ஒழுங்காகத்தான் படித்திருக்கிறார்.

ஆகவே முதல் வேலை, அளவை அவரவர் வாயில் வரும் கணக்கில் எழுதுவது. எங்கள் பக்கம் பாதிப் பேர் மா கணக்கு, மீதிப் பேர் ஏக்கர் கணக்கு. மூன்று மா ஒரு ஏக்கர். இப்போது இரண்டையும் எழுதுகிறேன்: "மாவுக்கு ஏழரை கிலோ, மூணு மாவுக்கும் சேர்த்து அரை மூட்டை." மூட்டையும் ஏமாற்றும். யூரியா மூட்டை 2018 வரை 50 கிலோ, அப்புறம் 45 ஆகிவிட்டது. டிஏபி உர மூட்டை இன்னும் 50தான். மருந்துக்கு "டேங்குக்கு ஒரு மூடி" என்று எழுதவே மாட்டேன். ஒருவர் தோளில் 10 லிட்டர் டேங்க், இன்னொருவரிடம் 16 லிட்டர் பேட்டரி டேங்க், மூடியோ பாட்டிலுக்குப் பாட்டில் வேறு. எத்தனை லிட்டர் டேங்க் என்று கேட்டுவிட்டு மில்லியில் எழுத வேண்டும்.

அடுத்தது நம் மொழியோடு சம்பந்தப்பட்டது. செய்யணுமா, கூடாதா என்பது தமிழில் கடைசி எழுத்துகளில்தான் தெரியும். போடவும், போட வேண்டும், போட வேண்டாம் எல்லாமே 'போட' என்றுதான் ஆரம்பிக்கின்றன. பஸ் வந்துவிட்டது என்று பாதியில் கிளம்புகிறவர் காதில் வாலைத் தவிர மற்றதெல்லாம் விழுந்திருக்கும். "தண்ணியை வடிக்காம யூரியா போடாதீங்க" என்று நான் சொன்னதை ஒரு தம்பி வீட்டில் போய் "அக்கா தண்ணியை வடிக்க வேணாம்னுது" என்று சொல்லியிருக்கிறான். அவனைத் திட்டிப் பயனில்லை, ஒரே மூச்சில் இரண்டு 'இல்லை' வைத்தது நான். இப்போது இரண்டு வரி: "முதலில் தண்ணீரை வடியுங்கள். அப்புறம் யூரியா." செய்ய வேண்டியதை மட்டும், செய்கிற வரிசையிலேயே எழுதினால் பாதி கேட்டவர்கூடப் பாதி வேலையையாவது சரியாகச் செய்வார்.

தேதி விஷயம் சுருக்கமாக. "பத்தாம் தேதி" என்றால் வயசானவர்களுக்கு ஐப்பசி பத்து, பிள்ளைகளுக்கு அக்டோபர் பத்து. நடுவில் இரண்டு வாரத்துக்கு மேல் ஓடிவிடும். மாதமும் கிழமையும் சேர்த்து எழுதுங்கள். "15ஆம் நாள்" என்றால் விதைத்தா, நட்டா என்பதும் இருக்கட்டும்.

இத்தனையும் எழுதினாலும் "புரிஞ்சுதாண்ணே?" என்று மட்டும் கேட்காதீர்கள். புரியவில்லை என்று கடை வாசலில் நாலு பேர் முன்னால் யாரும் சொல்ல மாட்டார்கள். "ம்" என்று சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைப்பார்கள். நான் பேனாவை மூடிவிட்டு, "நாளைக்குக் காலையில வயலுக்குப் போனதும் முதல்ல என்ன செய்வீங்க?" என்று கேட்பேன். அவர்கள் வாயால் சொல்லும்போது தப்பு அங்கேயே தெரிந்துவிடும். கூட்டமான நாளில் இது கஷ்டம்தான். கலந்து தெளிக்கிற மருந்துக்கும் களைக்கொல்லிக்கும் மட்டுமாவது கேட்டுவிடுகிறேன். துத்தநாக சல்பேட் மாதிரி சத்து உரத்துக்கெல்லாம் கேட்பதில்லை.

சரி, தப்பு நடந்தே விட்டால்? "நான் அன்னைக்கே சொன்னேனே" என்று ஆரம்பிக்காதீர்கள், அதற்கு மேல் அவர் காதில் எதுவும் ஏறாது. முதலில் வயலைப் பாருங்கள். உரம் கூடிப்போயிருந்தால் அடுத்த தவணை யூரியாவை நிறுத்தச் சொல்லுங்கள், புழு இறங்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சீட்டை அப்புறம் எடுக்கலாம், அதையும் தனியாகக் கூப்பிட்டு. டீக்கடைப் பேச்சுக்கு டீக்கடையிலேயே பதில் சொல்லிவிட வேண்டும், ஆனால் ஒரே வாக்கியத்தில். நான் போய், "வயலுக்குன்னு எழுதுனது நான்தான், ஏக்கருக்குன்னு எழுதியிருக்கணும்" என்றேன். இரண்டாவது வாக்கியமாக அவருடைய கணக்கைப் பற்றியும் கொஞ்சம் சொல்லலாம் என்று நாக்கு துடித்தது. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்தப் பெரியவர் அடுத்த சம்பாவுக்கும் என் கடைக்குத்தான் வந்தார். நான் கேட்பதற்கு முன்பே சீட்டை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, உரக்க, எழுத்துக்கூட்டிப் படித்தார். "மாவுக்கு ஏழரை. வயலுக்கு இல்லையே தங்கச்சி?" என்றார். கடையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள்.