லினக்ஸில் வை-ஃபையையும் ஈதர்நெட்டையும் பிரிட்ஜ் செய்யும்போது சறுக்கும் இடங்கள்

ரவுட்டர் ஹாலில், உள் அறையில் வை-ஃபை இல்லாத பழைய கம்ப்யூட்டர். நடுவில் ராஸ்பெரி பை என்ற குட்டி லினக்ஸ் கம்ப்யூட்டரை வைத்து, வை-ஃபையில் வருவதைக் கேபிள் வழியே கொடுத்துவிடலாம் என்று பிரிட்ஜ் (இரண்டு இணைப்புகளை ஒரே நெட்வொர்க்காக ஒட்டும் அமைப்பு) போட்டேன். ஈதர்நெட் சேர்ந்தது. வை-ஃபையைச் சேர்த்தால் 'ஆபரேஷன் நாட் சப்போர்ட்டட்' என்றது கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி). டிரைவர் கோளாறு என்று முடிவுகட்டி ஒரு ராத்திரியை வீணாக்கினேன்.

டிரைவர் மேல் குற்றமே இல்லை. வை-ஃபை கிளையன்ட் (ரவுட்டரில் இணையும் கருவி) அனுப்பும் சாதாரண ஃபிரேமில் (டேட்டா பொட்டலத்தில்) மூன்று முகவரிகள்தான்: ஆக்சஸ் பாயின்ட் (வை-ஃபை தரும் கருவி, இங்கே ரவுட்டர்), அனுப்பும் ரேடியோ, போய்ச் சேரும் மெஷின். பின்னால் கேபிளில் தொங்கும் கம்ப்யூட்டரின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்ணுக்கு) அதில் தனி இடம் கிடையாது. அதையே அனுப்புநராகப் போட்டாலும், 'தன்னிடம் இணையாத யாரோ' என்று ஆக்சஸ் பாயின்ட் தள்ளிவிடும். அதனால்தான் கெர்னல் 2.6.33 முதல் லினக்ஸே இதை மறுக்கிறது.

'பின்னால் இருக்கும் மெஷினுக்கும் இடம் தரும் 4 முகவரி முறையை ஆன் செய்தால் சரியாகிவிடும்' என்பார்கள். கெர்னல் ஏற்றுக்கொள்ளும், ஆனால் ரவுட்டரும் ஏற்க வேண்டுமே! ஓபன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான லினக்ஸ்) போட்ட ரவுட்டரில் டபிள்யூடிஎஸ் (அந்த 4 முகவரி வசதி) இயக்கலாம். இல்லையென்றால் பிரிட்ஜை மறந்துவிட்டு, கேபிள் பக்கம் தனி சப்நெட் (தனி ஐபி வரிசை), என்ஏடி (பின்னால் இருப்பதை நடுப்பெட்டியின் முகவரியிலேயே அனுப்பும் முறை) என்று போய்விடுங்கள். நான் அப்படித்தான் செய்தேன். நெட்வொர்க் பிரின்டரைத் தானாகக் கண்டுபிடிப்பது மட்டும் என்ஏடியைத் தாண்டாது.

தலைகீழாக, லினக்ஸ் பெட்டியே ஆக்சஸ் பாயின்ட் என்றால் பிரிட்ஜ் தாராளமாக வேலை செய்யும். வை-ஃபையைக் கையால் சேர்க்காமல், ஹோஸ்ட்ஏபிடி (ஆக்சஸ் பாயின்ட்டை இயக்கும் புரோகிராம்) கான்ஃபிகில் பிரிட்ஜின் பெயரைக் கொடுங்கள். ஐபி முகவரி ஈதர்நெட்டில் அல்ல, பிரிட்ஜில் இருக்க வேண்டும். அப்புறம், இதை எஸ்எஸ்எச்சில் (நெட்வொர்க் வழியே அந்தப் பெட்டிக்குள் நுழைந்து) உட்கார்ந்து செய்யாதீர்கள். ஈதர்நெட்டைச் சேர்த்த கணமே இணைப்பு அறுந்து நிற்பீர்கள்.

எல்லாம் சரி, அந்த வை-ஃபையில் சேர்ந்த போனுக்கு மட்டும் ஐபி வரவில்லையா? இரண்டு பக்கமும் டிசிபிடம்ப் (போகும் வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) ஓட்டிப் பாருங்கள். டிஎச்சிபி கோரிக்கை (போன் ஐபி கேட்கும் செய்தி) வை-ஃபை பக்கம் தெரிந்து, ஈதர்நெட் பக்கம் தெரியாவிட்டால் நடுவில் எதுவோ விழுங்குகிறது. அரை நிமிஷத்தில் தானாகச் சரியானால் காரணம் எஸ்டிபி (பிரிட்ஜில் பாக்கெட்டுகள் சுற்றிச்சுற்றி வராமல் காக்கும் முறை): கேட்க 15 விநாடி, கற்க 15 விநாடி. சரியாகவே இல்லையென்றால், அந்தப் பெட்டியில் டாக்கர் (புரோகிராம்களைக் கன்டெய்னர்களில் ஓட்டும் மென்பொருள்) இருக்கிறதா என்று பாருங்கள். அது ஃபயர்வாலின் ஃபார்வர்ட் பாலிசியை (கடந்துபோகும் பாக்கெட்டுகளுக்கான விதியை) டிராப்புக்கு, அதாவது தூக்கிப்போடுவதற்கு, மாற்றிவிடும். பிரிட்ஜ் பாக்கெட்டுகளை ஃபயர்வாலுக்குக் காட்டும் பிஆர்-நெட்ஃபில்டர் மாட்யூலும் ஏறியிருந்தால், பிரிட்ஜுக்குள் போகும் பாக்கெட்டுகளும் அதில் மாட்டும்.