பிள்ளைக்கு ஊசி போடுவதில் நாங்கள் விடும் பிழைகள்

ஊசியே வேண்டாம் என்று சொல்லும் பெற்றோரை இலங்கையின் வடக்கே எங்கள் வன்னியில் நான் அதிகம் கண்டதில்லை. 1990களில் போலியோ சொட்டு மருந்து கொடுப்பதற்காக இரண்டு பக்கமும் சண்டையை நிறுத்திவைத்த நாட்கள் இருந்தன. அந்த நாட்களில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்த சனம் இது. 1993க்குப் பிறகு இலங்கையில் ஒரு போலியோ நோயாளிகூடப் பதிவாகவில்லை. எங்களுடைய பெரிய பிழை, தள்ளிப்போடுவது.

நெல் வெட்டு நேரம், கூலி வேலையை விட முடியாது, பஸ் இல்லை, பிள்ளைக்கும் தடிமன். "சரி, அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோவம்" என்று விட்டுவிடுகிறோம். தடிமனுக்கும் லேசான காய்ச்சலுக்கும் ஊசியை நிறுத்தத் தேவையில்லை. கொண்டுபோய்க் காட்டுங்கள், போடலாமா என்று அங்கேயே பார்த்துச் சொல்வார்கள்.

தள்ளிப்போடவே கூடாதது ஒன்பதாம் மாத ஊசி. சின்னமுத்து (மீசில்ஸ்), கூகைக்கட்டு (மம்ப்ஸ்), ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடுவது அது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி அந்த வயதுக்குள் குறைந்துவிடும். சின்னமுத்து காற்றில் பரவும். நோயாளி எழும்பிப்போன அறையில் இரண்டு மணி நேரம்வரை கிருமி நிற்கும். எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்களுக்குள் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குத் தொற்றலாம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் நெரிசலில் கைக்குழந்தையோடு நிற்பதை நினைத்துப் பாருங்கள். 2019இல் இலங்கையில் சின்னமுத்து ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2023இல் அது திரும்பி வந்தது. 2024 தொடக்கத்தில் சில மாவட்டங்களில் 6 முதல் 9 மாதக் குழந்தைகளுக்கு மேலதிகமாக ஒரு ஊசி போட வேண்டியதாயிற்று.

அப்புறம் மூன்று வயது ஊசி, அதே ஊசியின் இரண்டாவது தடவை. பிள்ளை ஓடி விளையாடுகிறது, இனி என்ன என்று மறந்துவிடுகிறோம். ஒரு ஊசி 100 பிள்ளைகளில் 93 பேரைச் சின்னமுத்திலிருந்து காக்கும், இரண்டும் போட்டால் 97 பேரை.

சின்னமுத்து வந்தால் அம்மாள் வருத்தம் என்று வேப்பிலை கட்டுகிறோம். கட்டுங்கள், அந்த நம்பிக்கையில் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் பிள்ளைக்கு மூச்சு வாங்கினால், பால் குடிக்காவிட்டால், வலிப்பு வந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். சின்னமுத்தில் பிள்ளைகளைப் பறிப்பது பெரும்பாலும் கூடவே வரும் நிமோனியாதான்.

காசநோய்க்கு எதிரான பிசிஜி ஊசி போட்ட இடத்தில் சில வாரங்களில் சிறு கொப்புளம் வரும். அதைப் பிதுக்குவதும் மருந்து பூசுவதும் வேண்டாம். ஆறாம் வகுப்புப் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் போடுவது கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி. பிள்ளைப்பேறு இல்லாமல் போய்விடும் என்ற கதையை நம்பி மறிக்காதீர்கள்.

இன்னொரு பிழையை என் வீட்டிலேயே கண்டேன். 2009இல் அக்கா போரில் இடம்பெயர்ந்து செட்டிகுளம் முகாமுக்கு வந்து சேர்ந்தபோது மகனின் ஊசி அட்டை எந்தப் பங்கரில் போனது என்று தெரியவில்லை. இரண்டு ஊசிகள் தவறியும் இருந்தன. ஏசுவார்கள் என்று பயந்து கிளினிக் பக்கமே போகவில்லை. கடைசியில் மிட்வைஃப் கூடாரத்துக்கே வந்தார். ஒரு சொல் ஏசவில்லை. எந்தெந்த ஊசி, எங்கே போட்டது என்று அக்காவிடம் பொறுமையாகக் கேட்டுப் புது அட்டை எழுதினார். முதலிலிருந்து திரும்பப் போட வேண்டியிருக்கவில்லை. விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள்.