அமெரிக்க வரலாற்று விருதுகளும் ஆய்வு நல்கைகளும்: விண்ணப்பிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க வரலாற்றை ஆராய்வோருக்கும் கற்பிப்போருக்கும் விருதுகளும் நல்கைகளும் நிறையவே இருக்கின்றன. ஆனால் ஓர் உதவி எதற்காக ஏற்படுத்தப்பட்டது என்பதைப் பார்க்காமல், அதன் பெயரையும் தொகையையும் மட்டும் பார்த்து விண்ணப்பிப்பதால் நல்ல உழைப்பு வீணாகிறது.

இந்தத் தவறு ஆவணக் காப்பகங்களின் குறுகிய கால நல்கைகளில்தான் மிகுதி. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில், அச்சகர் ஐசையா தாமஸ் 1812இல் நிறுவிய அமெரிக்கன் ஆன்டிகுவேரியன் சொசைட்டியை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் தொடக்ககால நூல்கள், செய்தித்தாள்கள், பஞ்சாங்கங்கள் ஆகியவற்றுக்குப் பெயர்பெற்ற அந்த நூலகத்துக்கு 1960களில் கறுப்பின மக்கள் சம உரிமைக்காக நடத்திய போராட்டம் பற்றிய ஆய்வுத் திட்டத்தை அனுப்பினால், அது எவ்வளவு சிறந்ததாயினும் பொருந்தாது. காலம் பொருந்தினாலும், “புரட்சிக்கால அச்சுப் பண்பாட்டை ஆராய்வேன்” என்று பொதுவாக எழுதுவது போதாது. எந்த ஊரின் எந்தச் செய்தித்தாள், எந்த ஆண்டுகளின் இதழ்கள், அவற்றிலிருந்து எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறீர்கள், அதற்கு எத்தனை வாரங்கள் ஆகும் என்பதை நூலகப் பட்டியலைப் பார்த்துவிட்டு எழுதுங்கள். அவ்விதழ்கள் இணையத்திலேயே கிடைக்குமானால், நேரில் வரவேண்டிய காரணத்தையும் சொல்லியாக வேண்டும். என் கருத்தில், முழு விண்ணப்பத்திலும் மிக முக்கியமான பத்தி இதுவே.

ஆசிரியர்கள் பெரும்பாலும் சறுக்குவது நிபந்தனைகளில். அமெரிக்க காங்கிரஸ் 1986இல் ஏற்படுத்திய ஜேம்ஸ் மேடிசன் நல்கை, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களின் முதுகலைப் படிப்புக்கு 24,000 டாலர் வரை வழங்குகிறது. அமெரிக்கக் குடிமக்களுக்கான இந்த நல்கையில், படிப்பின் ஒரு பகுதி அரசியலமைப்பைப் பற்றியதாக இருக்க வேண்டும். உதவி பெற்ற ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் ஈடாக ஓராண்டு கற்பிக்கவும் வேண்டும். தவறினால் அத்தொகை வட்டியுடன் திருப்பித் தரவேண்டிய கடனாகிவிடும் என்பதைக் கையெழுத்திடும் முன்பே அறிந்திருப்பது நல்லது.

நூல் விருதுகள் நடக்கவிருக்கும் ஆய்வுக்குப் பணம் தருபவை அல்ல. வெளிவந்த நூலைப் பாராட்டுபவை. அவற்றிலும் எல்லைகள் நுட்பமானவை. அமெரிக்க வரலாற்றாளர் அமைப்பு 1907இல் தொடங்கியது. அதன் பிரெடெரிக் ஜாக்சன் டர்னர் விருது ஆசிரியரின் முதல் ஆய்வு நூலுக்கு உரியது. உள்நாட்டுப் போர்க் காலத்துக்கான ஏவரி கிரேவன் விருதோ முழுக்கப் போர்க்களத்தை மட்டுமே பேசும் நூல்களை ஏற்பதில்லை. நூலை அனுப்புவதைப் பதிப்பகம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி, வெளியீட்டு ஆண்டுக்குரிய கடைசித் தேதியைத் தவறவிடுவோரும் உண்டு. பதிப்பகத்துக்கு எழுதிக் கேட்டு, நடுவர் ஒவ்வொருவருக்கும் படி சென்றதா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆங்கிலத்தில் எழுதினால்தான் இவ்விருதுகள் கிட்டும் என்று ஒதுங்குவதும் தவறே. அதே அமைப்பு ஏற்படுத்திய வில்லி பால் ஆடம்ஸ் விருது, அமெரிக்க வரலாறு குறித்துப் பிற மொழிகளில் வெளியாகும் நூல்களுக்கானது. அதற்குத் தமிழும் விலக்கல்ல.